ஆழத்துக்கு ஒரு துணை

1982 அக்டோபர் 11. இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே, எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலான ‘மேரி ரோஸ்’ கடலுக்கு மேலே வந்தது. 1545-ல் மன்னர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே மூழ்கிய கப்பல் அது. 437 வருடம் சேற்றில் கிடந்த அதன் ஒரு பக்கத்தைக் கிரேன் தூக்கியதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

அதைத் தேடிப் புறப்பட்டவர்கள் யார் என்று விசாரித்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தத் தேடலைத் தொடங்கியது கடற்படை அல்ல. 1965-ல் அலெக்சாண்டர் மக்கீ என்ற எழுத்தாளர், அக்கம்பக்கத்து சவுத்ஸீ டைவிங் கிளப்காரர்களைக் கூட்டிக்கொண்டு தொடங்கிய வேலை அது. வாரம் முழுக்க வேலைக்குப் போய்வந்துவிட்டு, சனி ஞாயிறு வந்தால் கடலில் இறங்குகிற ஆட்கள். நீட்டிய கை தெரியாத கலங்கல் தண்ணீரில் வருடக்கணக்கில் துழாவி, 1971-ல் கப்பலின் மரச்சட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். பெரிய அகழாய்வாக அது வளர்ந்த பிறகும் 500-க்கும் மேற்பட்ட தன்னார்வ டைவர்கள்தான் ஏறக்குறைய 28,000 முறை இறங்கி ஏறினார்கள். அகழாய்வை நடத்திய மார்கரெட் ரூல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதற்காகவே டைவிங் கற்றுக்கொண்ட தொல்லியலாளர்.

நாற்பதுக்கு மேல் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்கிற உறவினர்களுக்கு நான் சொல்கிற பதில், மார்கரெட் ரூலின் பெயர்தான்.

இப்படி வார இறுதி ஆட்களும் கடலில் இறங்க வழிவிட்டது ஒரு கருவி. பிரான்ஸில் ஜாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 1943-ல் ‘அக்வாலங்’ கருவியை உருவாக்கினார்கள். சிலிண்டரில் அடைத்த காற்றை, கேட்கும்போது கேட்ட அளவுக்கு வாய்க்குத் தருகிற ரெகுலேட்டர்தான் அதன் உயிர்நாடி. பத்து வருடம் கழித்து, 1953 அக்டோபரில், ஆஸ்கர் குகன், பீட்டர் ஸ்மால் என்ற இருவர் லண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினார்கள். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டைவர்கள் ‘பீசாக்’ என்பார்கள். சொல்லித்தரத் தொழில்முறை ஆசிரியர்கள் கிடையாது. முந்தாநாள் கற்றவர் நேற்று சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இன்றும் ஓடுகிறது. நாடு முழுக்கக் கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் பொறுப்பாக ஒரு டைவிங் ஆஃபீசர், சம்பளம் வாங்காத பயிற்றுநர்கள். சந்தாவும் நீச்சல்குள வாடகையில் நம் பங்கும் பாடப்புத்தகச் செலவும் கட்டினால் போதும். பல கிளப்கள் ஆரம்பத்தில் உபகரணங்களையும் இரவல் கொடுக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் 1966-ல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய பி.ஏ.டி.ஐ. போன்ற அமைப்புகளின் பயிற்சி மையத்தில் பணம் கட்டினால் மூன்று, நான்கு நாளில் 18 மீட்டர் வரை இறங்குவதற்கான கார்டு கைக்கு வந்துவிடும். அதில் மோசம் எதுவும் இல்லை, பாடத்திட்டமும் நல்லதுதான். விடுமுறைக்குத் தாய்லாந்து போகிறவருக்கு அது சரியான தேர்வு. ஆனால் கார்டு வாங்கிய மறுவாரம் யாருடன் இறங்குவது? அதற்கு மையத்திடம் பதில் இருக்காது. கிளப்பில் கேட்காமலே பதில் கிடைக்கும்: இதோ, இந்த இருபது முப்பது பேருடன்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குத் தேனிலவு போய்வந்தவர்கள் பலர் ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு இறங்கும் டைவிங்) செய்ததாகச் சொல்வார்கள். சிலிண்டரைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டு, அவரே காற்றும் கூட்டிக் குறைத்து, நம்மைச் சில மீட்டர் ஆழத்தில் உலாத்திவிட்டு, மீன்களோடு நான்கு படம் எடுத்துத் தருவார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை டைவிங் கற்றதாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆழப்பக்கத்தில் ஒரு மூக்கு

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதி. பிரிட்டனிலேயே கடலுக்கு மிகத் தொலைவான ஊர் என்று சொல்லப்படும் கோட்டன் இன் தி எல்ம்ஸ் இந்தப் பக்கம்தான் இருக்கிறது; கரைக்கு அங்கிருந்து சுமார் 113 கிலோமீட்டர். இங்கே டைவிங் கிளப் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. இருக்கிறது. நகராட்சி நீச்சல்குளத்தில் பொதுமக்கள் துண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, ஆழப்பக்கத்தில் கூடுகிறது.

முதல் பெரிய பாடம், மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டுக்கொள்வது. தரையில் முழங்காலிட்டு உட்கார வேண்டும். வாயில் ரெகுலேட்டர். மாஸ்க்கின் மேல்விளிம்பை லேசாகத் தூக்கினால் தண்ணீர் சிலீரென்று உள்ளே இறங்கி, மூக்கை மூடி, கண்ணுக்கு ஏறும். இப்போது தலையை அண்ணாந்து, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஊத வேண்டும். வெளிவிடும் காற்று மேலே தங்கி, தண்ணீரைக் கீழ்விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். அவ்வளவுதான். கேட்கும்போது குழந்தை விளையாட்டு. மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு மொத்தமும் “மேலே போ” என்று கத்துவது தனிக்கதை. வாய் வழியாகக் காற்று தாராளமாக வந்துகொண்டிருக்கிறது என்பதை மூளை நம்பவே நம்பாது.

என்னோடு சேர்ந்த அக்கா ஒருவர், திருகோணமலைக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரக்கணக்கில் இந்த ஒரு பாடத்திலேயே நின்றார். எங்கள் பயிற்றுநர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எதிரில் முழங்காலிட்டு அசையாமல் இருப்பார். அக்கா பாதியில் எழுந்து மேலே போனால் அவரும் கூடவே போவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். “அடுத்த வாரமும் தண்ணீர் இங்கேதானே இருக்கும்” என்பார். நான்கு நாள் வகுப்பில் இந்தப் பொறுமைக்கு இடம் ஏது? ஒருநாள் அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு எனக்கே பாடம் நடத்தத் தொடங்கினார்: “மூக்கால மூச்சு எடுக்காதேங்கோ தம்பி, ஊதுங்கோ. எடுக்கிற எண்ணமே வரக்கூடாது.”

மாஸ்க்குக்கு அடுத்தது காது. இரண்டு மூன்று மீட்டர் இறங்கினாலே செவிப்பறையை அழுத்தம் உள்ளே தள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதினால் ‘டப்’ என்று சமமாகும். வலி வருவதற்கு முன்னாலேயே ஊத வேண்டும். வலித்த பிறகு முரட்டுத்தனமாக ஊதினால் காது போய்விடும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

பிறகு மிதப்பு. ஸ்கூபாவில் அழகு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று, இடுப்பில் ஈயக்கட்டிகள், மீதி வேலை நுரையீரலுக்கு. ஆழமாக மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு சாண் எழும்புகிறது, விட்டால் தாழ்கிறது. கையை ஆட்டாமல், காலை உதைக்காமல், நின்ற இடத்தில் நிற்கப் பழக மாதங்கள் ஆகும். புதியவர்கள் எல்லோரும் தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பவளப்பாறையின் மேல் இதையே செய்தால் பல வருடம் வளர்ந்தது ஒரு உதையில் உடையும். பழக வேண்டிய இடம் நீச்சல்குளம்.

அடக்காதே மூச்சை

முத்துக்குளித்துறை என்றே ஒரு கரைக்குப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. கடைசி முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-ல் நடந்தது. குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளினார்கள். மூச்சடக்கும் திறமைதான் அவர்களுடைய முழு முதலீடு.

ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பது. காரணம் எளிய இயற்பியல். தண்ணீர்ப்பரப்பில் ஒரு பங்கு அழுத்தம் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு பங்கு, 20 மீட்டரில் மூன்று. குளியாள் மேலே இழுத்த காற்றோடு போகிறார். ஆழத்தில் அது சுருங்கும், திரும்ப வரும்போது பழைய அளவுக்கே விரியும். ஸ்கூபா டைவர் சுவாசிப்பது, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே ரெகுலேட்டர் தருகிற காற்றை. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் இல்லை. கிழிந்துவிடும். நீச்சல்குள ஆழத்திலேயே இது நடக்கலாம் என்பதால்தான், பதற்றத்தில் சட்டென்று மேலே பாய்பவரைப் பயிற்றுநர் காலைப் பிடித்து இழுத்தாவது நிறுத்துகிறார்.

காற்றின் கணக்கும் இதே விதியில்தான் ஓடுகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 232 பார் அழுத்தத்தில் அடைத்தால் உள்ளே சுமார் 2,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிற நிதானமான ஆளுக்கு மேற்பரப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மூன்று பங்கு தின்னும். முக்கால் மணியில் காலி. அதையும் முழுக்கச் செலவழிக்க முடியாது. மேலே வந்து சேரும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. புதியவர்கள் பயத்தில் மடமடவென்று குடித்துத் தீர்ப்பார்கள். நானும் அப்படித்தான்.

நைட்ரஜன் இன்னொரு விவகாரம். அழுத்தத்தில் அது ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் குமிழ்களாக வெளியேறி மூட்டையும் முதுகுத்தண்டையும் பதம்பார்க்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜே.எஸ். ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, 1908-ல் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பாதுகாப்பான ஏற்ற அட்டவணையைத் தந்தார். இன்று மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் அந்த ஆடுகளின் வாரிசு. நிமிடத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஏறினால் கூவும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லும். டைவ் முடிந்து 24 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது.

முத்துக்குளிப்பில் ஒரு ஏற்பாடு உண்டு என்பார்கள். கீழே இறங்குகிறவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பது மச்சானாக இருக்க வேண்டும். அக்கா தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான். கிளப்பில் மச்சானின் இடத்தில் இருப்பவருக்கு ‘பட்டி’ என்று பெயர். தனியாக இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் போகுமுன் ஒருவர் கருவிகளை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும்: ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, சிலிண்டர் முழுக்கத் திறந்திருக்கிறதா, எந்தக் கொக்கியை அவிழ்த்தால் எது கழலும். கீழே என் காற்று தீர்ந்தால் என் பட்டியின் நெஞ்சில் தொங்கும் உபரி ரெகுலேட்டர்தான் எனக்கு மூச்சு. அதை எடுத்து வாயில் வைத்துக்கொள்வதைச் சலிக்கும்வரை பழகுகிறோம். பேச முடியாததால் எல்லாம் கைச்சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் “மேலே போகலாம்” என்று அர்த்தம். அருமை என்று சொல்வதாக நினைத்து உற்சாகமாகக் கட்டைவிரலைக் காட்டி, பயிற்றுநரையும் சேர்த்து மேலே கிளப்பிவிட்டவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு.

குவாரிக்குள் ஒரு கப்பல்

குளத்தில் தேறியதும் ஸ்டோனி கோவ். லெஸ்டர்ஷயரில் உள்ள பழைய கருங்கல் குவாரி. கல் எடுப்பது நின்று, ஊற்றுத் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. கல் வெட்டிய படிகள் அப்படியே இருப்பதால் 6, 7 மீட்டரில் ஒரு தளம், 20-ஐ ஒட்டி ஒன்று, 35-ஐ ஒட்டி இன்னொன்று என்று யாரோ வகுப்பறை பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நடுத்தளத்தில் ‘ஸ்டேன்கார்த்’ என்ற இழுவைக்கப்பலை 2000-ல் டைவர்களுக்காகவே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள்.

குளிர் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தண்ணீர். அதனால் டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப்பிடிக்கும்; உள்ளே கம்பளி மாதிரி ஒரு உடுப்பு. போட்டுக்கொள்ள ஒருவர் இழுக்க வேண்டும், முதுகு ஜிப்பை இன்னொருவர் மூட வேண்டும். மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பு இதற்குள் நுழைந்து, உதட்டில் மட்டும் பனித்தண்ணீர் படும்போது, யாரைக் கேட்டு இங்கே வந்தோம் என்று தோன்றும். ஸ்டேன்கார்த்தின் முன்பக்கம் பச்சை இருட்டிலிருந்து மெல்ல உருவெடுத்து வருவதைப் பார்த்ததும் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

இதற்குப் பிறகு கடல். பிரிட்டனின் கடலில் ஓதம் ஆற்றுவெள்ளம் போல ஓடுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீரோட்டம் ஓய்கிற சிறிது நேரத்தைக் கணக்கிட்டுத்தான் இறங்க முடியும். ஓத அட்டவணை படிப்பது, ரப்பர் படகை ஓட்டுவது, மேலிருந்து குமிழ்களைக் கண்காணிப்பது எல்லாமே கிளப்பில் பாடம். முதல்நிலையான ‘ஓஷன் டைவர்’ தகுதிக்கு 20 மீட்டர் வரை அனுமதி. மேலே போகப் போக ஆழத்தோடு பொறுப்பும் கூடும். பிறரை வழிநடத்தவும் மீட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளப்பில் குறையே இல்லையா? நிறைய. வானிலை கெட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். தலை நரைத்தவர்கள் அதிகம். அவர்களின் பழைய சாகசங்களைத் தேநீரோடு கேட்டுத்தான் ஆக வேண்டும். கமிட்டி அரசியல் நம்மூர் சங்கங்களுக்குச் சளைத்ததில்லை. பயிற்றுநர்களின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும். அவசரக்காரர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

திருகோணமலை அக்காவுக்கு அவசரம் இல்லை. அவர் கற்க வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், பீசாக்கின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவர். விண்வெளியில் எடையற்று மிதப்பதைப் பூமியிலேயே உணர வேண்டுமானால் கடலுக்கடியில்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. டைவர் நண்பர் மைக் வில்சனோடு 1956-ல் இலங்கையில் குடியேறினார். அந்த வருடமே திருகோணமலையில் கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் இருவரும் கண்டது, 17-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும். அடுத்த வருடம் வெளிவந்த ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தாப்ரபேன்’ நூலில் கிளார்க் அதை எழுதினார்.

“எங்கட கோயில் தூணை வெள்ளைக்காரன் போய்ப் பாத்திட்டு வந்து புத்தகம் போட்டிருக்கிறான். நாங்கள் மேல நிண்டு தேங்காய் உடைச்சிட்டு வாறம். ஒருக்கா நானும் கீழ போய்ப் பாக்க வேணும் தம்பி” என்றார் அக்கா. இதைவிட நல்ல காரணத்தை நான் எந்தக் கிளப்பிலும் கேட்டதில்லை.

போகாத டைவ்

பீசாக்கை நிறுவியவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்மால், 1962 டிசம்பரில் அமெரிக்காவின் கேட்டலினா தீவருகே டைவர் ஹன்னஸ் கெல்லருடன் சுமார் 300 மீட்டர் ஆழத்துக்கு ஒரு டைவிங் பெல்லில் சோதனை முயற்சியாக இறங்கினார், உயிரோடு திரும்பவில்லை. இந்த விளையாட்டின் விலையை பீசாக் அறியும். ஒவ்வொரு வருடமும் நாட்டில் நடந்த டைவிங் விபத்துகளைத் தொகுத்து, பெயர் சொல்லாமல், என்ன தவறியது என்று அறிக்கையாக வெளியிடுகிறது. எங்கள் கிளப்பில் அதை உட்கார்ந்து படிக்கிறோம். காற்றுமானியைப் பார்க்க மறந்தது, பட்டியைத் தொலைத்தது, வேகமாக ஏறியது என்று சாதாரணத் தவறுகளே அதில் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதனால்தான் ஒரு வழக்கம்: யாரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். ஒருமுறை கடற்கரை வரை வண்டியோட்டிப் போய், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்த பிறகு என் பட்டி தலையசைத்து வேண்டாம் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். காசு கட்டி வந்த சுற்றுலாவில் இப்படித் திரும்புவதற்கு மனசு வராது.

சென்னை, புதுச்சேரி, அந்தமான் என்று நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் பயிற்சி மையங்கள். கார்டு வாங்கிய பத்துப் பேர் ஒரு கல்லூரி நீச்சல்குளத்தை வாரம் ஒரு மாலை வாடகைக்கு எடுத்தால் கிளப்புக்கு அதுவே தொடக்கம். கடலோர ஊர்ப் பையன்களும் பெண்களும் அதில் முதல் வரிசையில் இருக்க வேண்டும். நீரோட்டத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி நகரத்து டைவர்களுக்குத் தெரியாது.

பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு வேலை சுலபம். பக்கத்துக் கிளப்பில் அறிமுக மாலை எப்போது என்று விசாரித்து, நீச்சல் உடையும் துண்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக்கோளாறு, காதுப் பிரச்சினை எதுவானாலும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். சேர்வதற்கு முன் டைவிங் ஆஃபீசரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியாக எப்போது ஒரு டைவை ரத்து செய்தீர்கள், எதற்காக?” உடனே பதில் வந்தால் சந்தாவைக் கட்டுங்கள். அப்படி ரத்து செய்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு கிளப் பாருங்கள்.